சட்டப் பிள்ளைகளும் பாலப் பிள்ளைகளும்

மாரி மழை சற்று விட்ட காலைகளில் கல்லடிப் பழைய பாலத்தின் இரும்பிலிருந்து ஒரு மணம் எழும்பும். நனைந்த துரு, வாவிச் சேறு, முன்னால் நிற்கிற வாகனத்தின் புகை, பக்கத்தில் நெருங்கி இருக்கிற பிள்ளையின் தலையில் வைத்த நல்லெண்ணெய் எல்லாம் சேர்ந்த மணம் அது. எங்காவது அது என் மூக்கில் பட்டால் கூடவே ஒரு கேள்வியும் வந்துவிடுகிறது. நான் ஆறாம் ஆண்டு படித்த அந்த மூன்றாம் தவணையில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, என் தங்கச்சி அந்தப் பாலத்தில் விழுந்தது யாருடைய பிழை? இருபது வருடங்களுக்கு மேலாகிவிட்டது. நான் இரண்டு பிள்ளைகளுக்குத் தாயாகிவிட்டேன். இன்னும் அதற்கு ஒரு விடை சொல்ல எனக்குத் தெரியவில்லை.

பழைய கதையைக் கிளறிக்கொண்டிருக்க எனக்கு நேரம் இல்லைதான். மூத்தவள் இரண்டாம் ஆண்டு, சின்னவனுக்கு எட்டு மாதம், கந்தோரில் எட்டரைக்குள் கையெழுத்து வைக்க வேண்டும். ஆனால் போன மாதம் மகளின் பள்ளிக்கூட வீதியில் பிள்ளைகளை ஏற்றி வந்த ஓர் ஆட்டோ பக்கத்துச் சாக்கடைக் கானுக்குள் சரிந்தது. ஒரு பிள்ளைக்கும் காயமில்லை, சப்பாத்துகள்தான் இரண்டு நாள் நாறின. அன்றிலிருந்து பெற்றோர் இரண்டாகப் பிரிந்து நிற்கிறார்கள். பள்ளிக்கூட வீதிக்குள் ஆட்டோவே வரக்கூடாது என்று ஒரு பக்கம், வரட்டும் ஆனால் கட்டுப்பாட்டோடு வரட்டும் என்று மறுபக்கம். அடுத்த தவணை தொடங்கும்போது கூட்டம் கூடி ஒரு முடிவு எடுத்து, அதைக் கடிதமாக எழுதி அதிபரிடம் கொடுக்க வேண்டும். எழுத்து நன்றாக இருக்கிறது என்று சொல்லி அந்தக் கடிதத்தை என் தலையில் கட்டிவிட்டார்கள்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தடை கூடாது, கட்டுப்பாடு வேண்டும். இதில் எனக்குச் சந்தேகம் இல்லை. சந்தேகம் வேறோர் இடத்தில் இருக்கிறது. அது எந்த இடம் என்று காட்டுவதற்கு அந்த மாரிக்காலத்துக்குப் போய்த்தான் வர வேண்டும்.

அப்போது நாங்கள் நாவற்குடாவில் இருந்தோம். பள்ளிக்கூடம் பாலத்துக்கு அங்கால், நகரத்துக்குள். அப்பா கட்டாரில். அம்மா வாவிக்கு அக்கரையில், படுவான்கரையில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. விடியுமுன் எழும்பி, எங்கள் இருவருக்கும் இடியப்பத்தைக் கட்டி வைத்துவிட்டு, தெற்கே போகிற முதல் பஸ்ஸில் ஏறி, பிறகு 'பாதை' என்று நாங்கள் சொல்கிற மிதவையில் வாவியைக் கடந்து, அங்கேயிருந்து ஒரு சைக்கிளின் பின்னால் ஏறிப் போவா. அந்தப் பாதையைத் தவறவிட்டால் அன்றைய நாள் போய்விடும். ஆகவே எங்களைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோக அம்மாவால் முடியாது. எங்களை நம்பிக் கொடுக்க அம்மாவுக்கு இருந்தது ராசன் மாமாவின் ஆட்டோ ஒன்றுதான்.

ராசன் மாமா எங்களுக்குச் சொந்தக்காரர் இல்லை. ஆட்டோ ஓட்டுகிற எல்லாரும் அன்று பிள்ளைகளுக்கு மாமாதான். மெலிந்த ஆள், வாயில் எப்போதும் ஒரு வெற்றிலைத் துண்டு, பச்சை ஆட்டோ. அதில் நாங்கள் ஏழு பேர் போனோம். பின் சீட்டில் நாலு பேர். அவர் தானே அடித்துப் பொருத்திய ஒரு பலகை வாங்கில், எங்களைப் பார்த்தபடி, முழங்கால்கள் எங்கள் முழங்கால்களோடு இடிக்க இரண்டு சின்னதுகள். ஏழாவது ஆள் அவருடைய சீட்டிலேயே ஓர் ஓரத்தில் தொங்கலாக இருக்கும். அதற்கு 'ராசா சீட்' என்று பெயர். அந்த இடத்துக்குத்தான் எப்போதும் சண்டை. வலது பக்கம், வாகனங்கள் உரசிப் போகிற பக்கம், குறுக்கே நீல நைலோன் கயிறு இரண்டு வரி கட்டியிருந்தார். அதுதான் எங்களுடைய பாதுகாப்பு. யாராவது இடம் போதாது என்று முணுமுணுத்தால் அவர் திரும்பிப் பார்க்காமலே சொல்லுவார்:

"வீட்டில ஒரே பாயில அஞ்சு பேர் உருளுறீங்க, இதுக்குள்ள ஏழு பேர் இரிக்க ஏலாதா கா? மூச்ச உள்ளுக்கு இழுங்க, பாலம் கடந்த மறுகா விடுங்க."

நாங்களும் உண்மையிலேயே மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டிருப்போம்.

ஓர் ஆட்டோவில் மூன்று பேருக்கு மேல் ஏற்றக் கூடாது என்று அன்றும் விதி இருந்தது. அதை யாரும் பார்க்கவில்லை, அவ்வளவுதான். அது உள்நாட்டுச் சண்டை கொஞ்சம் ஓய்ந்திருந்த காலம். சோதனைச் சாவடியில் பைகளைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்த கண்களுக்கு அந்தத் தவணையில்தான் ஆட்டோக்களுக்குள் இருந்த பிள்ளைகளை எண்ண நேரம் வந்தது. ஒரு திங்கட்கிழமை பாலத்தின் நகரப் பக்க முனையில் ஒரு பொலிஸ்காரர் எங்களை மறித்து, உள்ளே குனிந்து, விரலை நீட்டி எண்ணினார். ஏழில் வந்து நின்றதும் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் குரலை இறுக்கிக்கொண்டு, "நாளைக்கு மூணு ஆள் மட்டும். கூட இருந்தா ஆட்டோ இங்கதான் நிக்கும்" என்று சொல்லி விட்டுவிட்டார்.

அன்று பின்னேரம் ராசன் மாமாவின் வாசல் படலையடியில் ஏழு பிள்ளைகளின் வீட்டாரும் கூடினார்கள். அம்மா அப்போதுதான் வந்திறங்கி, சாரியின் கீழ்க்கரையில் படுவான்கரைச் சேறு காயாமல் நின்றா. நான் அம்மாவின் பக்கத்தில் நின்றேன். ஒவ்வொருவருக்கும் ஒரு நியாயம் இருந்தது. ஒரு பிள்ளைக்கு மூச்சு இழுப்பு. ஒரு பிள்ளையின் வீட்டில் கிழமைக்கு ஒருநாள் மாமாவுக்கு மீன் போகிறது. தர்சனின் அப்பா, தர்சன்தான் இந்த ஆட்டோவில் முதல் ஏறிய பிள்ளை என்று மூப்புக் கணக்குச் சொன்னார். எல்லாரும் பேசி முடியும் மட்டும் ராசன் மாமா வெற்றிலையை மென்றுகொண்டிருந்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார்.

"சரி, நான் மூண்டு பேரத்தான் ஏத்துறன். எந்த மூண்டு பேர் எண்டு நீங்களே சொல்லுங்க. டீச்சர்ர ரெண்டையும் ஏத்தினா மிச்சம் ஒரு இடம். ஆருக்கு?"

 சற்று முன் இழுப்பு, மீன், மூப்பு என்று பேசிய வாய்களெல்லாம் அடைத்துப் போயின. அப்போது அம்மா தொண்டையைச் செருமினா. படித்தவ, ஒரு வழி சொல்ல வேண்டும் என்று எல்லாரும் அவவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "பாலத்துக்கு இஞ்சால நாலு பேர இறக்கி விடுங்க. அவங்க நடந்து வரட்டும், அஞ்சு நிமிசம்தானே. அங்கால கிறுகினதும் ஏத்திக்கொண்டு போங்க" என்றா. கூட்டத்தில் ஒரு பெருமூச்சு வந்தது. "இதுதான் படிப்பு" என்று யாரோ சொன்னார்கள். அன்றிரவு சாப்பிடும்போதுகூட அம்மாவின் முகத்தில் அந்தப் பெருமை இருந்தது.

இப்படித்தான் எங்களுக்குள் இரண்டு சாதி உண்டானது. ஆட்டோவிலேயே பாலத்தைக் கடக்கிற மூன்று சின்னதுகள் 'சட்டப் பிள்ளைகள்'. அதில் இரண்டாம் ஆண்டு படித்த என் தங்கச்சி வாணியும் ஒருத்தி. இறங்கி நடக்கிற நாங்கள் நாலு பேர் 'பாலப் பிள்ளைகள்'. தர்சன், சுபா, நான், தமிழ்ப் பாடத்தில் எப்போதும் அடி வாங்குகிற இன்னொரு பையன். புத்தகப் பைகள் எல்லாம் சட்டப் பிள்ளைகளோடு ஆட்டோவில் போகும். நாங்கள் வெறுங்கையோடு நடப்போம். உண்மையைச் சொன்னால் எங்களுக்கு அது கொண்டாட்டமாக இருந்தது. கீழே தோணியில் நின்று வலை வீசுகிறவருக்குக் கை காட்டுவோம். வலை விழுமுன் எத்தனை மீன் என்று பந்தயம் பிடிப்போம். அவர் வலையை இழுத்துவிட்டு இத்தனை என்று விரலால் காட்டுவார். ஆட்டோ எங்களைக் கடக்கும்போது தர்சன், "சட்டப் பிள்ளயள், சட்டை கசங்கப் போகுது, கவனம்!" என்று கத்துவான். உள்ளேயிருந்து வாணி நாக்கை நீட்டுவாள்.

ஆனால் அந்தப் பாலம் நடக்கிறதற்கென்று கட்டிய பாலம் இல்லை. இரண்டு பஸ் ஒன்றையொன்று கடக்க முடியாத ஒடுக்கம். சைக்கிள், மோட்டார் சைக்கிள், லொறி, மீன்கூடையோடு ஆட்கள் எல்லாரும் அதே ஒடுக்கத்துக்குள்தான். பஸ் வந்தால் நாங்கள் கம்பியோடு முதுகை ஒட்டி நின்று வயிற்றை உள்ளே இழுத்துக்கொள்வோம். ஆட்டோவுக்குள் ஏழு பேராக நெருக்கிக்கொண்டிருந்ததில் எத்தனை ஆபத்து இருந்ததோ எனக்குத் தெரியாது. பாலத்தில் நடந்ததில் அதைவிடக் கூட இருந்தது என்பதை இன்று அடித்துச் சொல்லுவேன். பொலிஸ்காரருக்கு எங்கள் விளையாட்டு இரண்டாம் நாளே தெரிந்துவிட்டது. ஆட்டோவில் மூன்று தலை எண்ணி அனுப்புவார். பின்னால் நாலு பேர் நடந்து வந்தால் வானத்தைப் பார்ப்பார். சுபா ஒவ்வொரு நாளும் அவருக்கு "குட் மோனிங் சேர்" என்று சொல்லுவாள். அவரும் வானத்தைப் பார்த்தபடியே தலையை ஆட்டுவார். விதி காப்பாற்றப்பட்டுக்கொண்டிருந்தது.

எனக்கு மட்டும் அதில் ஒரு முள் இருந்தது. அம்மா ஒவ்வொரு நாளும் இருட்டில் புறப்படும்போது எங்கள் போர்வையை இழுத்துவிட்டுச் சொல்லுகிற வசனம் ஒன்று உண்டு. "தங்கச்சிய ஒரு அடி விலத்தி விடாத மளே, எங்க போனாலும் ரெண்டு பேரும் ஒண்டாத்தான் இரிக்கணும்." நான் சொன்ன சொல்லை அப்படியே செய்கிற பிள்ளை. வாணி ஆட்டோவிலும் நான் பாலத்திலும் இருக்கிற அந்த ஐந்து நிமிடம் சொல் தவறியதாகுமா, ஆகாதா? பாலத்தில் நடக்கிற யோசனையை அம்மாதான் சொன்னா. ஆனால் இந்தச் சொல்லை மீளப் பெறவில்லை. பதினொரு வயதில் இப்படியெல்லாம் யோசித்தேன் என்று சொன்னால் என் கணவர் சிரிக்கிறார், நீ இன்னும் மாறவில்லையே என்கிறார்.

பிறகு ஒரு திங்கட்கிழமை நாங்கள் பாலம் கடந்து போனபோது வழக்கமான திருப்பத்தில் ஆட்டோவைக் காணவில்லை. ஒரு லொறி பழுதாகி நின்றதால் ராசன் மாமா கொஞ்சம் தள்ளிப்போய் நின்றிருக்கிறார். எல்லாமாக ஒரு நிமிடம்கூட இருக்காது. அந்த ஒரு நிமிடத்தில் வாணியை இனிக் காணவே மாட்டேன் என்று நினைத்துவிட்டேன். நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. அடுத்த நாள், செவ்வாய்க்கிழமை, பாலத்துக்கு இஞ்சால ஆட்டோ நின்றதும் வாணியின் கையைப் பிடித்து இறக்கினேன்.

ராசன் மாமா திரும்பிப் பார்த்தார். "சின்னவள விடு மளே. அவ சட்டப் பிள்ளையெல்லோ?"

"இல்ல மாமா. ரெண்டு பேரும் ஒண்டா இரிக்கச் சொல்லி அம்மா சொன்னவ."

"அம்மா எப்ப சொன்னவ?"

"முந்தியே சொன்னவ."

தூறல் தொடங்கியிருந்தது. பின்னால் ஒரு பஸ் ஹோனை அமத்திக்கொண்டே நின்றது. ராசன் மாமாவுக்கு வாதாட நேரமில்லை. "என்னவோ, கெதியா வாங்க" என்றார். அதற்குள் தர்சன் வாணியின் இடத்தில் ஏறி இருந்து, "இண்டைக்கு நான்தான் சட்டப் பிள்ளை!" என்று கூவினான். ஆட்டோ போய்விட்டது.

என் வலக்கையில் வாணியின் மணிக்கட்டு, இடக்கையில் குடை. அப்பா கட்டாரிலிருந்து அனுப்பிய, பொத்தானை அமத்தினால் தானாக விரிகிற குடை. அம்மா அதைப் பாதையில் கொண்டுபோனால் காற்று பறித்துவிடும் என்று எங்களுக்கு விட்டுவிட்டுப் போவா. பாலத்தின் நடுவில் எதிரே ஒரு பஸ் வந்தது. நாங்கள் கம்பியோடு ஒட்டினோம். பஸ் கடந்ததும் அதன் பின்னாலிருந்து ஒரு காற்று வந்து குடையை மேற்பக்கமாகப் புரட்டிவிட்டது. நான் இரண்டு கையாலும் குடையைப் பிடித்தேன். அவ்வளவுதான் நான் செய்தது. எங்கள் பின்னால் வந்த ஒரு மோட்டார் சைக்கிளின் கைபிடி வாணியின் மழைக்கோட்டைக் கொழுவி இழுத்தது. நான் திரும்பியபோது அவள் தரையில் இருந்தாள். அழவில்லை. தன்னுடைய இடக்கையை, அது வேறு யாருடையதோ போல, ஆச்சரியமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சுபாதான் ஓடினாள். செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு நகரப் பக்கம் வரை கத்திக்கொண்டே ஓடி, பொலிஸ்காரரின் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். மோட்டார் சைக்கிள்காரர் இறங்கி, "நான் மெதுவாத்தான் வந்தன், நான் மெதுவாத்தான் வந்தன்" என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு நின்றார். பொலிஸ்காரர் வாணியை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு போய், திருப்பத்தில் நின்ற ராசன் மாமாவின் ஆட்டோவிலேயே ஏற்றி, தானும் ராசா சீட்டில் தொங்கிக்கொண்டு, ஆஸ்பத்திரிக்கு விடச் சொன்னார். உள்ளே இருந்த பிள்ளைகளை இறக்க ஒருவருக்கும் தோன்றவில்லை. நானும் சுபாவும்கூட ஏறிக்கொண்டோம். அன்று அந்த ஆட்டோவில் எத்தனை பேர் இருந்தோம் என்று ஒருவரும் எண்ணவில்லை.

அம்மாவுக்குச் செய்தி போய், அம்மா பாதை ஏறி, பஸ் ஏறி வந்து சேர நண்பகல் ஆகிவிட்டது. வாணியின் முழங்கை உடைந்து கட்டுப் போட்டிருந்தார்கள். ராசன் மாமா அதுவரை வெளி வாங்கில் இருந்தார், ஒரு ஹயர் சவாரிக்கும் போகவில்லை. அம்மா அவரைப் பார்த்ததும் கேட்ட முதல் வார்த்தை, "நீங்க ஏன் சின்னவள இறக்கினீங்க?" அவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து, "என்ட பிழைதான் டீச்சர்" என்று மட்டும் சொன்னார். நான் இறக்கினேன் என்று அவர் சொல்லவில்லை. நான்தான் பிறகு, மூன்று நாள் கழித்து, காய்ச்சலில் படுத்திருக்கும்போது சொன்னேன். அம்மா என் நெற்றியில் கையை வைத்தபடி, "நான் சொன்னதைத்தானே செய்தனீ" என்றா. அதற்குப் பிறகு அந்தக் காலையைப் பற்றி அம்மா என்னிடம் பேசியதே இல்லை.

இப்போது என் கேள்வி உங்களுக்கும் விளங்கியிருக்கும். ஏழு பேரை ஏற்றியவருடைய பிழையா, எந்த மூன்று என்று சொல்லாத பெற்றோருடைய பிழையா, பாலத்தில் நடக்கச் சொன்ன அம்மாவின் பிழையா, வானத்தைப் பார்த்தவரின் பிழையா, குடையைப் பிடித்த என் பிழையா? வாணி இப்போது ஒரு தாதி. இடது முழங்கை இன்றும் முழுதாக நீளாது. இதை எழுதப் போகிறேன் என்று சொன்னபோது, "உனக்கு விசரா, அக்கா? ஆருட பிழையெண்டு கண்டுபிடிச்சா கை நீளுமா? இந்தக் கையாலதான் ஊருக்கே ஊசி போடுறன், ஒருத்தரும் குறை சொல்லல்ல, நீதான் சொல்லுறா" என்று சிரித்தாள்.

அவள் சிரிக்கலாம். எனக்குச் சுபாவின் நினைவுதான் வருகிறது. வாணி விழுந்த கிழமையே பெற்றோர் எல்லாரும் மறுபடி கூடினார்கள். இந்த முறை ஒருவருக்கும் பேச்சுத் தடைப்படவில்லை. பிள்ளைகளை இனி ஆட்டோவில் அனுப்புவதே இல்லை என்று ஒரே வாயில் முடிவெடுத்தார்கள். பள்ளிக்கூடத்திலும் அதை ஏற்றுக்கொண்டு, பிள்ளைகளை ஏற்றிய ஆட்டோக்கள் வாசலுக்கு வரக்கூடாது என்று அறிவித்தார்கள். தர்சனை அவனுடைய அப்பா மோட்டார் சைக்கிளில் கொண்டுபோனார். நானும், கை ஆறியபின் வாணியும், பக்கத்து வீட்டு அன்ரியோடு பஸ்ஸில் போனோம். சுபாவின் அம்மா வெளிநாட்டில் வீட்டு வேலையில் இருந்தா. அவளைப் பார்த்துக்கொண்ட சித்தி காலையில் கடைகளுக்கு அப்பம் சுட்டுக் கொடுக்கிறவ, அடுப்பை விட்டு அசைய முடியாது. பஸ்ஸில் தனியாக அனுப்பவும் பயம். சுபா நடந்தாள். நாவற்குடாவிலிருந்து ஒரு மணித்தியாலத்துக்கு மேல், அந்த மழைக்குள், இந்த முறை புத்தகப் பையையும் சுமந்துகொண்டு. வாசல் பூட்டியபின் வருகிற பிள்ளைகளின் வரிசையில் அவள் முதலில் கிழமைக்கு ஒருநாள் நின்றாள். பிறகு மூன்று நாள் நின்றாள். அடுத்த வருடம் அவளுடைய இடத்தில் வேறொரு பிள்ளை இருந்தது. அன்று பாலத்தில் எல்லாரையும்விட வேகமாக ஓடியவள் அவள்தான். கடைசியாக நான் கேள்விப்பட்டபோது அவளும் அம்மாவைப் போலவே வெளிநாட்டில், யாருடைய பிள்ளைகளையோ பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிடுத்திக்கொண்டிருந்தாள்.

ஆகவேதான் தடை என்ற சொல்லை யாராவது கூட்டத்தில் உரத்துச் சொல்லும்போது எனக்கு உடம்பு கூசுகிறது. போன கூட்டத்தில் சொந்தக் காரில் பிள்ளையைக் கொண்டுவருகிற ஓர் அப்பா எழும்பி, "இது பள்ளிக்கூட வீதியா, ஆட்டோ தரிப்பிடமா? ஒரு கையெழுத்தில முடிக்கிற வேலைக்கு ஏன் இவ்வளவு பேச்சு?" என்றார். பின்வரிசையிலிருந்து ஒரு பெண் குரல், "உங்கட காருக்குள்ள மூண்டு சீட் சும்மாதானே வருது அண்ண, எங்கட வீதியாலயும் ஒருக்கா வாங்களன்" என்றது. எல்லாரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். ஆனால் அவருடைய கார் இன்றுவரை அந்த வீதியால் வரவில்லை. தடை போடுகிறவர்களின் பிள்ளை எப்படியும் பள்ளிக்கூடம் வந்து சேரும். வராமல் போகிற பிள்ளை எந்தக் கூட்டத்திலும் கையெழுத்துப் போடுவதில்லை.

அதேபோல், கட்டுப்பாட்டைப் பெயருக்கு மட்டும் வைத்தாலும் என்ன நடக்கும் என்பதை ஒரு முழங்கை எனக்கு ஒவ்வொரு நாளும் காட்டிக்கொண்டிருக்கிறது. கடிதத்தில் நான் எழுதியிருப்பது இதுதான். ஓர் ஆட்டோவில் மூன்று பிள்ளைகள், ஓட்டுநரின் சீட்டில் ஒரு பிள்ளையும் இருக்கக் கூடாது, வலது பக்கம் கயிறல்ல, இரும்புக் கம்பியால் அடைக்க வேண்டும். யாருடைய பிள்ளை எந்த ஆட்டோவில் வருகிறது என்ற விவரம் பள்ளிக்கூடத்தில் இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, பிள்ளையை ஏற்றிய இடத்துக்கும் வாசலுக்கும் நடுவில் எங்கும் இறக்கக் கூடாது. கடைசி வரியைப் படித்துவிட்டு, இதை ஏன் தனியாகப் போட்டிருக்கிறீர்கள் என்று ஓர் ஆசிரியை கேட்டா. ஒரு காரணம் இருக்கிறது டீச்சர் என்று மட்டும் சொன்னேன்.

என் மகளை ஏற்றிப் போகிறவ ஜெயா அக்கா. எங்கள் பக்கத்தில் ஆட்டோ ஓட்டுகிற ஒரேயொரு பெண். கணவர் படுக்கையில் விழுந்தபின் அவருடைய ஆட்டோவை எடுத்து ஓடத் தொடங்கினவ. அவவின் ஆட்டோவில் ஐந்து பிள்ளைகள். ஐந்து என்று தெரிந்துதான் நான் என் மகளை ஏற்றினேன், அதை மறைக்கவில்லை. ஒவ்வொரு நாளும் ஆட்டோ வீதி முடக்கால் திரும்பும் மட்டும் படலையில் நின்று பார்த்துவிட்டு, உள்ளே வந்து, போன் எடுக்கலாமா வேண்டாமா என்று யோசித்து, எடுக்காமல் விடுகிறேன். ஐந்தில் ஒரு பிள்ளையின் அம்மா ஆடைத் தொழிற்சாலை பஸ்ஸுக்கு விடியுமுன் போய்விடுவா. அந்தப் பிள்ளையின் இடம் கடிதத்தில் நான் எழுதியிருக்கிற மூன்றுக்குள் வருமா, வராதா என்பதை என் கைதான் முடிவு செய்யப் போகிறது என்பது எழுதி முடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

உடனே ஜெயா அக்காவைக் கண்டு கதைத்தேன். அவ அதற்கு முன்பே யோசித்து வைத்திருக்கிறா. "ரெண்டு நடை ஓடுறன் தங்கச்சி. வெள்ளன ஒரு நடை மூண்டு புள்ளயள், மறுகா வந்து மிச்ச ரெண்டும். எனக்குக் கொஞ்சம் எண்ணெய் கூடச் செல்லும், அத விடுங்க. ஆனா முதல் நடைப் புள்ளயள் ஆறரைக்கே வாசல்ல நிக்கும். நான் கிறுகி வந்தா அதுகள ஆர் பாக்கிற?" என்றா. அதிபர் வருவது ஏழேகாலுக்கு. வாசலைத் திறக்கிற ஐயா ஆறு மணிக்கே வந்துவிடுவார்தான், நல்ல மனிதர்தான், ஆனால் அவருக்குத் தண்ணீர் பிடிக்கவும் வகுப்புகளைத் திறக்கவும் வேலை இருக்கிறது. அம்மாமார் முறை வைத்து ஒருவர் போய் நிற்கலாம் என்று நான் சொன்னேன். கிழமையில் ஒருநாள் எனக்கு. கைக்குழந்தையோடு ஆறரைக்கு நான் அங்கே நிற்க முடியுமா என்று கணவர் கேட்டார். நிற்பேன் என்றேன். மழை நாளில்? நிற்பேன் என்றேன். பிறகு சமையலறைக்குள் போய், உண்மையாக நிற்பேனா என்று என்னையே கேட்டுக்கொண்டேன்.

பெரிய வாகனங்கள் எல்லாம் இப்போது புதுப்பாலத்தால் போகின்றன. பழைய பாலம் பக்கத்தில் ஒதுங்கி நிற்கிறது. முதுகைக் கம்பியோடு ஒட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு வழி விடுகிற பிள்ளைகள் அங்கே இல்லை. ராசன் மாமாவுக்குக் கண் மங்கிவிட்டது, ஆட்டோவை விற்றுவிட்டார். பள்ளிக்கூடப் பிள்ளைகளை அவர் அந்தச் செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு ஒருநாளும் ஏற்றவில்லை. சந்தைப் பக்கம் என் குரலைக் கேட்டால், "டீச்சர்ர மூத்தவளா? தங்கச்சிட கை எப்படி?" என்றுதான் முதலில் கேட்பார். 'பாலப் பிள்ளை' என்று சொன்னால் விளங்குகிறவர்கள் இந்த ஊரில் இனி ஐந்தாறு பேர்தான் இருப்போம். அந்தச் சொல் இல்லாமல் போனதில் எனக்கு ஒரு கவலையும் இல்லை. அது இன்னொரு பெயரில் திரும்பி வந்துவிடக் கூடாது என்பதுதான் என் கவலை.

கடிதத்தோடு இணைக்க ஒரு பட்டியலும் போட்டிருக்கிறேன். வாசலில் காத்து நிற்காதபடி தொழிற்சாலைக்குப் போகிறவவின் பிள்ளைக்கு இரண்டாம் நடையில் இடம் கொடுத்து, முதல் நடையில் முதற்பெயராக என் மகளின் பெயரை எழுதியிருக்கிறேன், பென்சிலால். இதை வாசிக்கிற அம்மாமார், அப்பாமார், ஆட்டோ ஓட்டுகிறவர்கள் யாராவது உங்கள் ஊரில் இப்படி இரண்டு நடை வைத்துப் பார்த்திருந்தால் தயவுசெய்து எழுதுங்கள். ஆறரைக்கும் ஏழேகாலுக்கும் இடையில் அந்த மூன்று பிள்ளைகளை நீங்கள் யாரிடம் விடுகிறீர்கள்? வர வேண்டிய அம்மா ஒருநாள் வராமல் போனால் என்ன செய்கிறீர்கள்?